ஒசாகாவுக்கு முன்னால் சுங்கை சிப்புட்

திங்கள்

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எடுக்க இன்று ஈப்போவுக்குப் போய் வந்தோம். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் மனைவி கல்யாணத்துக்குக் கிளம்புகிறவளைப் போல வெளிர் ரோஸ் நிறச் சேலையில் வந்து நின்றாள். கடப்பிதழ்ப் படத்தை அலுவலகத்திலேயே எடுத்துவிடுவார்கள். அதற்குத் தோளை மூடிய அடர்நிற உடை வேண்டும். சொன்னேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் கருநீலப் பஞ்சாபி உடையில் திரும்பி வந்தாள்.

மகள் ஒசாகாவில் பொறியாளர். 1982-இல் மகாதீர் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் கீழ் அரசாங்க உதவிச் சம்பளத்தில் படிக்கப் போனவள், அங்கேயே வேலையும் பார்க்கிறாள். "அப்பா, குளிர் முடிவதற்குள் வாருங்கள், பனியைக் காட்டுகிறேன்" என்று அழைத்துக்கொண்டே இருந்தாள். தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டுப் புறப்படலாம் என்று முடிவானது. நாங்கள் இருவரும் இதுவரை தாண்டியது சிங்கப்பூர்ப் பாலம் ஒன்றைத்தான். அந்தப் பழைய கடப்பிதழ்கள் காலாவதியாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

60 வயதைத் தாண்டிய எனக்குக் கட்டணம் 100 வெள்ளி (ரிங்கிட்), மனைவிக்கு 200. ஐந்து வருடம் செல்லும். "வயதானவருக்குப் பாதி விலையாம்" என்று அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ரோஸ் சேலைக்குப் பழி தீர்ந்தது.

என் விரல் ரேகை ஒரே அழுத்தலில் பதிந்துவிட்டது. நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்தவன். பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்ததில்லை. மனைவி பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்தவள். அவளுடைய கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தால் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டுத்தான் தெரிந்தது, கோடே இல்லை. உளியைப் பிடித்து, மரப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை நகத்தால் உரித்து, பாலை உறைய வைக்கும் அமிலத்தில் கை நனைத்துத் தேய்ந்த விரல்கள் அவை. கௌன்டரில் இருந்த மலாய் இளைஞர் சலித்துக்கொள்ளவில்லை. ஈரத் தாளை நீட்டி, "ஆன்ட்டி, துடைத்துவிட்டு மெதுவாக அழுத்துங்கள்" என்றார். பிறகு விரலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொன்னார். நகத்தை ஒட்டிய ஓரத்தில் எஞ்சியிருந்த வரிகளைக் கருவி எப்படியோ பிடித்துக்கொண்டது. "என் அம்மாவும் ரப்பர் வெட்டியவர்தான்" என்றார் அவர்.

தோட்டத்தில் வேலை செய்த பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். ஜப்பானிலும் 2007 நவம்பரிலிருந்து, 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவரிடம் இறங்கும் இடத்திலேயே இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். மனைவி இன்றிரவே தேங்காய் எண்ணெய் தடவத் தொடங்கிவிட்டாள். புறப்படும் வரை தினமும் தடவப்போகிறாளாம்.

விசா தேவையில்லை. சில்லு பொருத்திய மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை தங்கலாம். 2013 ஜூலையிலிருந்து அப்படி.

செவ்வாய்

மகள் இணையத்தில் டிக்கெட் போட்டாள். கோலாலம்பூரிலிருந்து ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்துக்கு நேர் விமானம், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

நம் பெயரில் இன்னாரின் மகன், மகள் என்று காட்டும் 'ஏ/எல்', 'ஏ/பி' விவகாரம் இங்கேதான் தலைகாட்டும். படிவம் சாய்கோட்டை ஏற்காது. கோட்டை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற எழுத்துகளைக் கடப்பிதழில் உள்ள வரிசையிலேயே அடித்தாள். குடும்பப் பெயர் என்ற கட்டம் அதைவிடப் பெரிய தொல்லை. நமக்கு அப்படி ஒன்று கிடையாது; அதில் தகப்பன் பெயர் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் விளைவு ஒசாகாவில் நடந்துகொண்டிருக்கிறது. அலுவலகத்தில் மகளை எல்லாரும் என் பெயரோடு 'சான்' சேர்த்து அழைக்கிறார்களாம். நான் கண்ணால் பார்த்திராத ஓர் அலுவலகத்தில் தினமும் காலையில் என் பெயருக்கு வணக்கம் சொல்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல், தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் ஊரார் பெயரையெல்லாம் வாசித்தவனுக்கு இப்படி ஒரு மரியாதை!

பயணக் காப்புறுதியும் எடுத்தாயிற்று. ஜப்பானில் மருத்துவமனைச் செலவை நினைத்தால் அந்தத் தொகை ஒன்றுமில்லை.

வியாழன்

இன்று முழுக்க மருந்து.

எனக்கு இரத்த அழுத்தம், மனைவிக்கு இனிப்பு நீர். அவள் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். மருத்துவர் சொந்த உபயோகத்துக்குத் தந்த மருந்தை ஒரு மாத அளவுக்குள் ஜப்பானுக்குக் கொண்டுபோக முன்னனுமதி வேண்டாம். தானே போட்டுக்கொள்ளும் ஊசிக்கும் அதே ஒரு மாதக் கணக்குத்தான். நாங்கள் தங்கப்போவது அதற்கும் குறைவு. அரசாங்கக் கிளினிக்கில் எங்கள் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டோம்: நோய், மருந்தின் மூலப்பெயர், அளவு, ஊசி எதற்கு என்ற விவரம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டக் கூடாது. கிளினிக் ஒட்டிய பெயர்ச் சீட்டோடு அப்படியே போகட்டும்.

இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து வீணாகிவிடலாம். மனைவி அதைச் சின்னத் துண்டில் சுற்றி, சோற்றுப் போகிணிக்காகத் தைத்த பழைய துணிப்பைக்குள் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

சளி மாத்திரை வாங்கத்தான் பெரிய வீதி மருந்தகத்துக்குப் போனேன். குளிர் நாட்டுக்கு மூக்கடைப்பு மாத்திரை இல்லாமல் எப்படிப் போவது? ஜப்பானுக்கு என்றதும் அங்கிருந்த சீனப் பெண் மருந்தாளர் நான் எடுத்துவைத்த அட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அதில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறது. நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் அது இருந்தால் ஜப்பானியச் சட்டத்தில் ஊக்கப் போதைப்பொருளின் மூலப்பொருள் என்ற கணக்கில் சேரும். இங்கே சளிக்கு வாங்கும் மருந்து அங்கே வழக்காக முடியலாம். கோடின் கலந்த இருமல் மருந்துக்கும் வரம்பு இருக்கிறது. அவர் கொடுத்தது வெறும் பாராசிட்டமோல். கோடாலித் தைலத்தின் சின்னப் புட்டி ஒன்றை நானே சேர்த்துக்கொண்டேன். அது இல்லாமல் இந்த ஊர்த் தமிழன் பக்கத்து ஊருக்குக்கூடப் போவதில்லை.

வெள்ளி

வீட்டில் சின்னச் சண்டை. மகளுக்கு ஆட்டுக் கறிப் பிரட்டல் கொண்டுபோக வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் திட்டம். நன்றாக வறுத்து, எண்ணெய் மிதக்க டப்பாவில் அடைத்தால் ஒரு வாரம் தாங்கும் என்பது அவள் கணக்கு, தாங்கவும் செய்யும். ஆனால் ஜப்பானுக்குள் இறைச்சி எந்த வடிவிலும் நுழைய முடியாது: வறுத்தது, உலர்த்தியது, ரொட்டிக்குள் வைத்தது எல்லாவற்றுக்கும் தடைதான். சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம். அந்த அபராதத் தொகையை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே ஆடு தப்பித்தது.

அடுத்தது வேலியோர முருங்கைக் கீரையும் கறிவேப்பிலையும். பச்சை இலை, பழம், காய், விதை எதுவானாலும் புறப்படும் நாட்டு விவசாயத் துறையின் சான்றிதழ் வேண்டும். அரிசிக்கும் பருப்புக்கும்கூட அப்படியே. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக யார் போய்ச் சான்றிதழ் கேட்பது? "இலையில் என்ன துப்பாக்கியா இருக்கிறது?" என்றாள். இலையில் பூச்சியின் முட்டை இருக்கலாம். செம்பனையில் வண்டு விழுந்து ஒரு பிரிவே நாசமானதை அவளும்தான் பார்த்திருக்கிறாள். அதைச் சொன்னதும் அடங்கினாள்.

இறுதியில் பெட்டியில் ஏறியவை: கடையில் அடைத்து விற்கும் மீன்குழம்புத் தூள், இறைச்சி மசாலைத் தூள், மிளகுத் தூள், ரசப்பொடி, வீட்டில் செய்த நெத்திலிச் சம்பல். கருவாட்டுக்கும் காய்ந்த நெத்திலிக்கும் தடை இல்லை. சம்பல் குழைவான பொருள், 100 மில்லிலிட்டருக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். அதனால் பெரிய பெட்டியில். மூன்று உறை போட்டுக் கட்டியிருக்கிறோம். உடைந்தால் என் உள்ளாடைகள் அனைத்தும் நெத்திலி வாசம் வீசும்.

மனைவி வெள்ளிக்கிழமை சைவம். ஜப்பானில் கடைச் சூப்பு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் கொதித்தது. கண்ணுக்குக் கீரையும் நூடுல்ஸும் மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் மகள் வீட்டுச் சமையல் என்று முடிவு செய்துவிட்டோம்.

மின்சாரமும் இன்றே பார்த்தாயிற்று. அங்கே 100 வோல்ட், இரண்டு தட்டை முனைச் செருகி. நம்முடையது 240-ஐ ஒட்டி, மூன்று முனை. கைப்பேசி மின்னேற்றியின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் '100–240' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. முனை மாற்றி ஒன்று போதும். மனைவியின் மிக்சியில் 240 மட்டுமே இருக்கிறது. அது வராது. அதற்கும் ஒரு பெருமூச்சு.

ஞாயிறு

ஈப்போவில் பண்டல் கடை. மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பழைய துணிகளைப் பிரித்துத் தொங்கவிட்டு விற்கும் கடைகள் அவை. வருவதில் பெரும்பகுதி ஜப்பானியர் உடுத்திக் கழித்தது. பிப்ரவரியில் ஒசாகாவின் சராசரி வெப்பம் 6 டிகிரியை ஒட்டியது. கேமரன் மலைக்குப் போட்டுப்போன ஸ்வெட்டரை நம்பிப் போகிறவர் நடுங்கித்தான் திரும்புவார்.

குளிர் உடைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய நான் தயாராக இல்லை. நம் ஊரில் அதைத் திரும்பப் போடும் நாள் வராது. முட்டி வரை நீளும் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று 35 வெள்ளிக்குக் கிடைத்தது. உள்ளே மெத்தென்ற துணி, கழுத்து வரை இழுக்கும் நல்ல ஜிப்பு, கை மணிக்கட்டில் காற்றுப் புகாத பட்டை. உள் தையலில் ஜப்பானிய எழுத்தில் ஒரு பட்டி. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "இயந்திரத்தில் போடாதீர்கள், உலர்சலவை மட்டும் என்று எழுதியிருக்கிறது" என்றாள். அந்த நாட்டிலேயே பிறந்த கோட்டு, என் முதுகில் ஏறி ஊர் திரும்பப்போகிறது. என்னைவிட அதற்குத்தான் அங்கே பழக்கம் அதிகம்.

எடுக்கும்போது பாருங்கள்: ஜிப்பை மேலும் கீழும் நான்கு தடவை இழுங்கள், அக்குளை முகருங்கள், பைக்குள் கை விட்டு ஓட்டை தேடுங்கள். கனமான ஒரே உடையைவிட மூன்று அடுக்கு மேல் என்று மகள் சொல்கிறாள். உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளுடை, நடுவில் கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் கோட்டு. உள்ளுடையை அவள் அங்கேயே வாங்கி வைத்திருக்கிறாள். காலுறை மட்டும் புதிது. வீட்டுக்குள்ளும் சில உணவகங்களிலும் காலணியைக் கழற்ற வேண்டும், பெருவிரல் எட்டிப் பார்க்கும் உறையோடு போக முடியாது.

செவ்வாய்

பணம் மாற்றினேன். 2024 ஜூலையில் ஜப்பான் புது நோட்டுகளை வெளியிட்டது. பழையதும் செல்லும். புது 1,000 யென் நோட்டில் இருப்பவர் கித்தசாட்டோ ஷிபாசாபுரோ, டெட்டனஸ் கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டிய மருத்துவர். தோட்டத்தில் கத்தி பட்டால் டிரசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) முதலில் தேடும் ஊசிக்கு வழி திறந்தவர்களில் ஒருவர். அந்த முகத்தைப் பணத்தாளில் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

நோட்டுகளை அம்மாவிடம் காட்டினேன். எண்பத்தைந்தைத் தாண்டியவர், கண் மங்கினாலும் பேச்சு மங்கவில்லை. தடவிப் பார்த்துவிட்டு, தன் தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். துணிமணிகளுக்கு அடியில், நெகிழித் தாளில் சுற்றிய வாழைமர நோட்டுகள். ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்துப் பணம். பத்து டாலர்த் தாளில் குலை தள்ளிய வாழை மரம், மேலே 'ஜப்பானிய அரசாங்கம்' என்று ஆங்கிலத்தில். கேட்டவுடன் பணம் தருவதாக உறுதியும் அச்சிட்டிருக்கிறது. 1945-க்குப் பிறகு அதைக் கொடுத்து ஒரு கட்டு வெற்றிலைகூட வாங்க முடியவில்லை.

அம்மாவின் சித்தப்பாவை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, கூலி உண்டு, அரிசி உண்டு என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்களாம். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் காட்டிலேயே முடிந்தவர்களுக்குச் சரியான கணக்கு எழுதிய கிராணி யாரும் இல்லை. சித்தப்பா திரும்பவில்லை.

அம்மா எங்கள் பயணத்தைத் தடுக்கவில்லை. பேத்தி அங்கே சம்பாதிப்பதில் அவருக்குப் பெருமைதான். கேட்டது ஒன்றுதான்: "தம்பி, திரும்பி வருவதற்கும் டிக்கெட் எடுத்தாயா?"

எடுத்திருக்கிறேன் என்றேன். தாளைக் கொண்டுவரச் சொன்னார். திரும்பும் தேதியை வாசிக்கச் சொன்னார். விமான எண்ணையும் வாசிக்கச் சொன்னார். "இதில் ஒரு பிரதி எனக்கு வேண்டும்."

இறங்கும் இடத்து அதிகாரியும் இதையேதான் கேட்கலாம்: திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, எத்தனை நாள். அதனால் பள்ளிக்கூடச் சாலை நகலகத்தில் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்தேன். கடப்பிதழின் படப் பக்கம், போக வர டிக்கெட், காப்புறுதி, மருத்துவர் கடிதம், மகளின் முகவரி, தோக்கியோவில் உள்ள மலேசியத் தூதரகத்தின் தொலைபேசி எண். ஒரு கட்டு எங்கள் பையில், கடப்பிதழோடு சேராமல் தனியாக. இன்னொரு கட்டு அம்மாவிடம். வாழைமர நோட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு அதைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

புதன்

விசிட் ஜப்பான் வெப் என்ற அந்த அரசாங்கத்தின் தளத்தில் இருவரையும் பதிந்தோம். குடிநுழைவு, சுங்கம் இரண்டுக்குமான விவரத்தை வீட்டிலிருந்தே நிரப்பினால் கட்டம் கட்டமான ஒரு குறியீடு வரும். அங்கே கைப்பேசியைக் காட்டினால் போதும். கடப்பிதழைப் படம் எடுக்கும்போது மின்விளக்கு பளபளத்தால் ஏற்காது, சன்னல் வெளிச்சம் நல்லது. கைப்பேசி அணைந்துவிட்டால்? காகிதப் படிவமும் இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனாலும் குறியீட்டைப் படமாகச் சேமித்து வைத்துக்கொண்டேன்.

மனைவிக்கு நிலநடுக்கப் பயம் வந்துவிட்டது. ஒசாகாவுக்குப் பக்கத்துக் கோபே 1995 ஜனவரியில் குலுங்கியதை யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். மகள் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன்: படுக்கைக்கு அருகே காலணி, கைக்கு எட்டும் தூரத்தில் டார்ச், குலுங்கினால் மேசைக்கு அடியில் தலை. போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. நம் 999 அங்கே எடுபடாது.

புறப்படும் முதல் நாள் இரவு

கைப்பை ஆளுக்கு 7 கிலோ, பெரிய பெட்டி ஆளுக்கு 20. வீட்டில் எடை இயந்திரம் இல்லை. தோட்டத்து நண்பர் வீட்டு டாச்சிங் தராசை (தொங்கவிட்டு நிறுக்கும் தராசு) இரவல் வாங்கி மாமரக் கிளையில் மாட்டினேன். பால் எடை எழுதிய காலத்தில் அரைக் கிலோவுக்குக்கூட என்னிடம் சண்டைக்கு வந்த மனைவி, இன்று தன் பெட்டி 22 என்றதும் "தராசு சரியில்லை" என்றாள். சம்பல் ஒரு டப்பா என் பெட்டிக்கு மாறியது. என்னுடைய இரண்டாவது செருப்பு வீட்டிலேயே நின்றுவிட்டது. கனமான கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஏறுவேன். பவர் பேங்க் பெரிய பெட்டியில் கூடாது, கைப்பையில்தான்.

அம்மாவுக்குத் துணையாகத் தங்கை பாகான் சிராயிலிருந்து வந்துவிட்டாள். கோழிகளைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்.

காலையில் இங்கிருந்தே ஈடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலையம். பெரிய பெட்டிகளை வைக்கும் தட்டு வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. முந்தி ஏறுகிறவருக்குத்தான் இடம். அரை மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருந்தால் போதும் என்கிறேன் நான். ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்கிறாள் மனைவி. கடிகாரத்தில் அலாரத்தை ஏற்கெனவே அவள் கணக்குப்படி வைத்துவிட்டாள்.